வாயில் வைக்கும் மரக்கட்டைக்கு என்ன பூசுவது? (நல்லெண்ணெய் பூசிக் கெடுத்தவன் கேட்கிறேன்)

#1 சுள்ளிபொறுக்கி

எல்லோருக்கும் வணக்கம். ஆறு மாதமாக இங்கே வாசித்துவிட்டு ஓசைப்படாமல் போய்க்கொண்டிருந்தவன், இன்று வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

மகளுக்குப் பத்து மாதம். தவழ்கிறாள். கையில் கிடைப்பதெல்லாம் நேராக வாய்க்குத்தான். பொம்மையெல்லாம் நானே செய்து தருகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு, மிச்சம் கிடந்த ரப்பர் மரத்தில் 24 கட்டைகள் அறுத்தேன். அதோடு மூத்தவனுக்கு (நான்கு வயது) ஒரு விளையாட்டு அடுப்பு மேடை: இரண்டு தட்டு, ஒரு கதவு, திருகிப் பார்க்க நான்கு குமிழ்.

மெருகு போடும் இடத்தில் சறுக்கினேன். "வாயில் வைக்கிற சாமான், கெமிக்கல் எதுவும் வேண்டாம்" என்று வீட்டில் உத்தரவு. சரி, சாப்பிடுகிற எண்ணெயே இருக்கிறதே என்று கட்டைகளுக்கு நல்லெண்ணெயைத் தாராளமாகப் பூசி வெயிலில் வைத்தேன். முதல் நாள் பார்க்க அவ்வளவு அழகு. மூன்று வாரம் கழித்து, தொட்டால் பிசுபிசுப்பு. தரையிலுள்ள முடியும் தூசியும் அப்பிக்கொண்டிருக்கின்றன. முகர்ந்தால் கழுவாத எண்ணெய்ச் சட்டி வாடை.

மேடைக்கு இன்னும் எதுவும் பூசவில்லை, நல்லவேளை. இந்தக் கட்டைகளை எப்படிக் காப்பாற்றுவது? மேடைக்கு என்ன பூசுவது? இயற்கையான பொருளாக மட்டும் சொல்லுங்கள்.

#2 கடைசல்காரர்

தம்பி, நல்லெண்ணெய் பூசிய முதல் ஆள் நீங்கள் இல்லை, கடைசி ஆளும் இல்லை. நான் தேங்காய் எண்ணெய் பூசியவன்.

எண்ணெய் "காய்வது" தண்ணீர் காய்வது போல் இல்லை. ஆவியாகிப் போவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டிப்படுகிறது. இது எல்லா எண்ணெய்க்கும் நடக்காது. ஆளிவிதை எண்ணெய், டங் எண்ணெய் (டங் மரக்கொட்டையில் பிழிவது), வால்நட் எண்ணெய் மூன்றும் கெட்டிப்படும். தேங்காய், ஆலிவ் இரண்டும் ஆயுசுக்கும் கெட்டிப்படாது. நல்லெண்ணெய் இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஆசாமி: பாதி கெட்டிப்பட்டுப் பிசினாகி அப்படியே நின்றுவிடும். உங்கள் கட்டையில் இப்போது இருப்பது அந்தப் பிசின்தான்.

நேராக உப்புத்தாளை எடுக்காதீர்கள். பத்து தேய்ப்பில் தாள் அடைத்துக்கொள்ளும். முதலில் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் வைத்து பிரஷ்ஷால் தேய்த்து உடனே துடைத்து நிழலில் இரண்டு நாள் உலர்த்துங்கள். ஊறவைக்கக் கூடாது. அப்புறம் சுரண்டும் தகடு இருந்தால் அதை வைத்து, இல்லாவிட்டால் இழைப்புளியைக் கூராகத் தீட்டி, ஒரு மெல்லிய சீவல் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகுதான் உப்புத்தாள்.

உண்மையைச் சொன்னால், 24 கட்டைதானே? புதிதாக அறுத்துவிடுவது சுலபம்.

#3 இரட்டையர்தாய்

நான் ஒன்றும் பூசவில்லை. 😊

கிண்டலுக்குச் சொல்லவில்லை. இரட்டைப் பிள்ளைகளுக்காக ஆறு வருடம் முன்பு செய்த மேப்பிள் கட்டைகள், எந்தப் பூச்சும் கிடையாது. நன்றாகத் தேய்த்து வழவழப்பாக்கியதோடு சரி. கடித்தார்கள், எறிந்தார்கள், ஒருமுறை மீன் தொட்டிக்குள் போட்டார்கள். ஈரத் துணியால் துடைத்து உலர்த்துவேன், அவ்வளவுதான் பராமரிப்பு. இன்று கொஞ்சம் மங்கி, மூலைகளில் பல் தடத்தோடு இருக்கின்றன. அந்தத் தடங்களை இப்போது தேய்த்து எடுக்கச் சொன்னால் எடுக்க மாட்டேன்.

நுண்ணிழை கொண்ட கெட்டி மரமாக இருந்தால் பூச்சு கட்டாயமே இல்லை. இங்கே எல்லோரும் எதைப் பூசுவது என்றுதான் கேட்கிறார்கள். பூச வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை.

#4 வார்னிஷ்வாத்தியார்

இரட்டையர்தாய் அக்கா சொல்வது மேப்பிளுக்குச் சரி, பீச் மரத்துக்கும் (beech, பழம் தரும் பீச் இல்லை) சரி. ஆனால் கேட்டவர் வைத்திருப்பது ரப்பர் மரம். அங்கேதான் சிக்கல்.

ரப்பர் மரத்தில் மாவும் சர்க்கரையும் அதிகம். வெட்டிய சில நாளிலேயே துளைப்பான் பூச்சியும் பூஞ்சணமும் பிடித்துவிடும். அதனால் அறுத்த கையோடு போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை மரத்துக்குள் ஏற்றித்தான் உலர்த்துவார்கள். இது வழக்கமான நடைமுறை, குற்றம் ஒன்றுமில்லை. நாற்காலிக்கும் மேசைக்கும் அது பிரச்சினையே இல்லை. ஆனால் போரான் உப்பு தண்ணீரில் கரையும். நாள் முழுக்க எச்சிலில் ஊறும் கட்டை என்றால் நான் யோசிப்பேன். ஐரோப்பாவின் பொம்மைப் பாதுகாப்புத் தரநிலை ஈஎன் 71, அதன் மூன்றாம் பகுதி, பொம்மையிலிருந்து எவை எவ்வளவு கசியலாம் என்று 19 பொருட்களுக்கு வரம்பு வைத்திருக்கிறது. ஈயம், காட்மியம், ஆர்சனிக் என்று போகும் பட்டியலில் போரானும் உண்டு. சோதிக்கும் முறையும் சுவாரசியமானது: பொம்மையைச் சுரண்டி, இரைப்பை அமிலத்தைப் போல நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு, என்ன கரைந்து வருகிறது என்று அளப்பார்கள். மரத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட, குழந்தை விழுங்கினால் உடம்புக்குள் எவ்வளவு போகும் என்பதுதான் கணக்கு.

ஆகவே தம்பி, அந்த 24 கட்டையும் மூத்தவனுக்குப் போகட்டும். சின்னவளுக்கு மருந்து ஏற்றாத பீச்சோ மேப்பிளோ தேடுங்கள். மரம் வாங்கும் இடத்தில் வாயைத் திறந்து கேளுங்கள்: "இதற்கு என்ன ஏற்றியிருக்கிறீர்கள்?"

இன்னொன்று. "இயற்கை" என்ற சொல்லைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம். எட்டி மரமும் இயற்கைதான், அரளியும் இயற்கைதான், தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகும், அதுவும் இயற்கைதான். மறுபக்கம், தண்ணீரில் கலக்கும் செயற்கை வார்னிஷ் முழுக்க இறுகிய பிறகு பெரும்பாலும் ஒரு வம்புக்கும் போகாத படலம். "இயற்கையா?" என்று கேட்பதைவிட "முழுசாக இறுகிவிட்டதா? உரிந்து வருமா? கரைந்து வருமா?" என்று கேளுங்கள்.

#5 சுள்ளிபொறுக்கி

ஐயா, தலை சுற்றுகிறது. ரப்பர் மரத்தில் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கட்டைகளை அவள் கையிலிருந்து வாங்கிவிட்டேன். பெரிய அழுகை.

மேடைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசலாம் என்று நினைக்கிறேன். "காய்ச்சியது" என்று எழுதிய டப்பா ஒன்று வீட்டிலேயே இருக்கிறது. காய்ச்சியது என்றால் இன்னும் சுத்தமானதுதானே?

#6 வார்னிஷ்வாத்தியார்

டப்பாவைக் கீழே வையுங்கள். 🙂

அந்தப் பெயரைப் பார்த்து ஏமாறாதவர்கள் குறைவு. இன்று விற்கும் "காய்ச்சிய" ஆளிவிதை எண்ணெயில் பெரும்பாலானவை அடுப்பையே பார்த்ததில்லை. சீக்கிரம் உலர்வதற்காகக் கோபால்ட், மாங்கனீஸ் உப்புகளைச் சேர்த்திருப்பார்கள். பொம்மைக்கு அது வேண்டாம். பச்சையாகப் பிழிந்த ஆளிவிதை எண்ணெய் வாங்குங்கள். அதற்குப் பொறுமை வேண்டும், ஒரு பூச்சு உலர ஒரு வாரமும் ஆகும், ஈரமான நாட்களில் அதற்கு மேலும் ஆகும். பூசி கால் மணி நேரம் விட்டு, மேலே நிற்கும் எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். துடைத்த பிறகு மரம் எண்ணெய் பூசாதது போலவே தெரிய வேண்டும். "இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்" என்று விட்டுவைப்பவருக்கு நல்லெண்ணெய்க் கதைதான்.

மேடையின் உட்புறத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூச வேண்டாம். கதவை மூடினால் அந்த வாடை மாதக்கணக்கில் உள்ளேயே சுற்றும். உள்ளே அரக்கு பாலிஷ் ஒரு கை போதும்.

டங், வால்நட் எண்ணெய்கள் நல்லவைதான். ஆனால் கொட்டைப் பருப்பு ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு, இன்னொருவர் பிள்ளைக்குப் பரிசாகக் கொடுக்கும் பொம்மைக்கு, நான் அவற்றைத் தொடுவதில்லை.

#7 தீப்பெட்டி

பூசுவதைப் பற்றியே பேசுகிறீர்கள், துடைத்த துணியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே!

ஆளிவிதை எண்ணெய் ஆக்சிஜனை இழுக்கும்போது சூடு பிறக்கும். மரத்தில் மெல்லிய படலமாக இருந்தால் சூடு காற்றோடு போய்விடும். துணியில் நனைத்துக் கசக்கிப் போட்டால் சூடு உள்ளேயே சேர்ந்து, யாரும் தீக்குச்சி கிழிக்காமலே பற்றிக்கொள்ளும். கதை இல்லை. நான் ஒரு மதியம் மேசை துடைத்த பனியன் துணியைச் சுருட்டி மரத்தூள் கூடையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது ஒரு மாதிரி வாடை. கூடையைத் தொட்டால் சுடுகிறது. துணியைக் கிடுக்கியால் வெளியே எடுத்ததும் புகைந்தது. இன்னும் அரை மணி நேரம் தாமதித்திருந்தால் கூரை இருந்திருக்காது.

துணியை வெளியே, ஒற்றை மடிப்பாக விரித்துக் காயப்போடுங்கள். விறைத்துப் போன பிறகு குப்பையில் போடலாம். அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீரில் மூழ்கடித்து வையுங்கள். என் பட்டறையில் இப்போது அந்த டப்பாதான் முதலில் வெளியே வரும், எண்ணெய் பிறகு.

#8 மெழுகுவத்தி

அப்பாடா, யாராவது தேன்மெழுகு பற்றிக் கேட்பார்கள் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

நான் செய்யும் மெழுகுக் களிம்பு: எடையில் நான்கு பங்கு எண்ணெய், ஒரு பங்கு தேன்மெழுகு. எண்ணெய் என்றால் பச்சை ஆளிவிதை எண்ணெய். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும், அதனால் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு கிண்ணம் வைத்து உருக்கினாலே தாராளம். நேராக அடுப்பில் வைக்காதீர்கள், மெழுகு அளவுக்கு மேல் சூடானால் பற்றும். உருகியதும் இறக்கி, ஆறும் வரை கிளறினால் வெண்ணெய்ப் பதத்தில் நிற்கும்.

கொஞ்சமாக எடுத்துத் தேய்த்து, அரை மணி கழித்து வேறொரு துணியால் பளபளப்பாகத் தேய்த்து எடுக்க வேண்டும். நான் முதல் முறை ரொட்டிக்குத் தடவுவது மாதிரித் தடவினேன். மூலைகளில் வெள்ளை வெள்ளையாக நின்றது. ஹேர் டிரையரால் சூடு காட்டித் துடைத்துச் சரிசெய்தேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தேன்மெழுகு ஒரு பெரிய பாதுகாப்பு இல்லை. தண்ணீர்ச் சொட்டைச் சில நிமிடம்தான் தாங்கும். கொஞ்சம் சூடுபட்டால் கையில் பிசுக்கென்று ஒட்டும். கெட்டியாக வேண்டுமானால் மெழுகில் கால் பங்கைக் கார்னாபா மெழுகாக மாற்றலாம், அது 82 டிகிரிக்கு மேல்தான் உருகும். எப்படியும் சில மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டியதுதான். பிள்ளைகளையே தேய்க்க விடுவேன், அவர்களுக்கு அதுவும் விளையாட்டு.

#9 நேர்க்கோடு

இவ்வளவு பாடு எதற்கு? மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின். கெடாது, நாறாது, ஒவ்வாமை கிடையாது. வெட்டுப்பலகைக்கே அதைத்தான் பூசுகிறார்கள்.

#10 கடைசல்காரர்

வெட்டுப்பலகைக்குச் சரி. அது எந்தக் காலத்திலும் கெட்டிப்படாது, ஊறிக்கொண்டே இருக்கும், கழுவக் கழுவப் போய்க்கொண்டே இருக்கும். கட்டைக்கு நான் ஆட்சேபிக்க மாட்டேன். ஆனால் ஒட்டுவேலை பாக்கியிருக்கும் சாமானில் எந்த எண்ணெயையும் முதலில் பூசிவிடாதீர்கள். எண்ணெய் பட்ட இடத்தில் வெள்ளைப் பசை பிடிக்கவே பிடிக்காது. ஒட்டி முடித்து, பசை இறுகி, பிதுங்கியதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் பூச்சு.

இனி நான் சொல்ல வந்தது. பத்துப் பதிவாக டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்றே பேசிவிட்டோம். நாற்பது வருடம் கடைசல் பிடித்தவன் சொல்கிறேன்: பொம்மையின் மெருகில் முக்கால்வாசி உப்புத்தாளில்தான் இருக்கிறது.

80 நம்பரில் அறுப்புத் தடத்தை எடுங்கள். 120-ல் 80-ன் கோடுகளை எடுங்கள். 180, அப்புறம் 220. நடுவில் ஒன்றைத் தாவினால் எண்ணெய் பூசிய உடனே அந்தக் கோடு பல்லை இளித்துக்கொண்டு வெளியே வரும். எப்போதும் இழை ஓட்டத்தோடு தேய்க்க வேண்டும், குறுக்கே வேண்டாம். 220 முடிந்ததும் ஈரத் துணியால் கட்டை முழுக்க ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். இழையெல்லாம் மீசை மாதிரி எழுந்து நிற்கும். அதை 320-ல் லேசாகத் தடவி எடுக்க வேண்டும். இந்த ஒரு வேலையைப் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. குழந்தை வாயில் வைத்த முதல் நாளே கட்டை சொரசொரப்பாகி, பூச்சைக் குறை சொல்வார்கள். எச்சில் என்பது தண்ணீர்தானே? நீங்கள் முன்கூட்டியே நனைக்காவிட்டால் குழந்தை நனைத்துக் காட்டும்.

குறுக்கு வெட்டு முகத்துக்கு இன்னும் ஒரு நம்பர் கூடத் தேயுங்கள். அது எண்ணெயைக் குழாய் போல உறிஞ்சிக் கறுத்துப்போகும், சிராய் கிளம்புவதும் அங்கிருந்துதான்.

விளிம்பு. கூர் விளிம்பில் எந்தப் பூச்சும் நிற்காது, முதலில் உரிவது அங்கேதான். கட்டை என்றால் 3 மி.மீ. வளைவாவது கொடுங்கள். விளிம்பு செதுக்கும் ரூட்டர் மெஷின் இல்லையா, இழைப்புளியால் ஒரு சீவல், உப்புத்தாளால் உருட்டல். சரியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்க்காதீர்கள். கண்ணை மூடி உதட்டில் வைத்து இழுத்துப் பாருங்கள். விரல் காய்த்துப் போயிருக்கும், உதடு பொய் சொல்லாது.

தூசிக்கு முகமூடி போடுங்கள், கைக்குட்டை போதாது. மரத்தூளை சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே முதல் வகையில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றில், சேர்த்துவிட்டது. என் மூக்குக்கு அந்தச் செய்தி தாமதமாகத்தான் வந்தது.

#11 இரட்டையர்தாய்

உதட்டுச் சோதனை! இதை எங்கேயாவது எழுதி ஒட்டி வைக்க வேண்டும்.

கடைசல்காரர் ஐயா, ஒரு சந்தேகம். கிலுகிலுப்பை கடையப் பழைய ஆட்கள் எந்த மரத்தை எடுப்பார்கள்?

#12 கடைசல்காரர்

வெட்பாலை. தந்தம் மாதிரி வெளுப்பு, நுண்ணிழை, உளி வைத்தால் நாடாவாகச் சுருண்டு வரும். பச்சையாகக் கடைந்தால் சுகம், ஆனால் காயும்போது சுருங்கி வட்டம் நீள்வட்டமாகிவிடும். எந்த மரமும் வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கடைசல் சக்கரத்துக்கே அரக்குக் குச்சியைப் பிடித்தால் உராய்வுச் சூட்டில் உருகி ஒட்டும், தாழை மடலால் அழுத்தினால் மினுங்கும். பேசினால் விடிந்துவிடும். தலைப்பை விட்டு விலகுகிறேன், மன்னிக்கவும்.

#13 பழையகதவு

நான் மரம் வாங்குவதே இல்லை. சரக்குப் பலகைத் தட்டுகள் (பேலட்), இடித்த வீட்டுக் கதவுகள், இதிலேயே பிள்ளைக்கு மேசை நாற்காலி செய்துவிட்டேன். செலவே இல்லாத வேலை. சுள்ளிபொறுக்கி என்று பெயர் வைத்துக்கொண்டு மரம் வாங்குகிறீர்களே!

#14 வார்னிஷ்வாத்தியார்

பழையகதவு அவர்களே, உங்கள் பெயரே எனக்குப் பயமாக இருக்கிறது.

பேலட்டில் முத்திரை பாருங்கள். எச்.டி. என்று இருந்தால் சூட்டால் பதப்படுத்தியது, மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி, 30 நிமிடம். எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை காட்டியது, அதைத் தொட வேண்டாம். முத்திரையே இல்லையென்றாலும் வேண்டாம். எச்.டி. இருந்தாலும்கூட அந்தத் தட்டின் மேல் வழியில் என்ன சிந்தியது என்று முத்திரை சொல்லாது. மேசைக் காலுக்குப் போகட்டும், வாயில் வைக்கும் சாமானுக்கு வேண்டாம்.

பழைய கதவு இன்னும் மோசம். பழைய பெயின்டில், அதிலும் மஞ்சள், ஆரஞ்சு, பச்சையில், ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயத்தைப் பொடியாக்கி வீடெங்கும் தூவியதாகிவிடும். தவழும் குழந்தை அந்தத் தரையில் கை வைத்து வாயில் வைக்கும். அப்புறம் பச்சை ஓடிய வெளிப்புற மரம், தோட்ட வேலிப் பலகை: தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் அழுத்தி ஏற்றியதாக இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அதைச் செய்வதை 2003 இறுதியோடு நிறுத்தினார்கள், ஆனால் பழைய பலகைகள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. எரிக்கவும் கூடாது, சாம்பலில் ஆர்சனிக் நிற்கும்.

#15 பழையகதவு

மேசை நாற்காலியில் பெயின்ட் இல்லை, அது சுத்தமான தேக்கு. கதவிலிருந்து பெயின்டை எடுத்தது... நான்தான், பின்கட்டில். சரி. நாளைக்கு அந்த இடத்தை ஈரத் துணியால் துடைத்து எடுக்கிறேன். பெருக்கக் கூடாது, அப்படித்தானே?

#16 வார்னிஷ்வாத்தியார்

ஆமாம், பெருக்கினால் கிளம்பும். ஈரத் துடைப்பு இரண்டு மூன்று தடவை, துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பிள்ளைக்கு இரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். கோபித்துக்கொள்ளாமல் கேட்டீர்கள் பாருங்கள், அதற்கு நன்றி.

#17 மஞ்சள்கறை

நிறம் பற்றி யாருக்காவது அனுபவம் உண்டா? நான் மஞ்சள் தூளைக் கரைத்துக் கட்டைகளுக்குச் சாயம் ஏற்றினேன். நிறம் பிரமாதம். அதன்மேல் அரக்கு பாலிஷ் பூசினேன், மஞ்சள் கரைந்து பிரஷ்ஷோடு வந்துவிட்டது. மிச்சத்தை ஒருநாள் சோப்புத் தண்ணீரால் துடைத்தேன், செம்பருத்திச் சிவப்பாகிவிட்டது! மீதி இரண்டை ஜன்னலோரம் வைத்திருந்தேன், பத்தே நாளில் வெளுத்தது. பீட்ரூட் இன்னும் மோசம், இளஞ்சிவப்பு போய்ப் பழுப்பு வந்தது.

#18 மெழுகுவத்தி

சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். மஞ்சளில் நிறம் தருவது தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, ஸ்பிரிட்டில் நன்றாகக் கரையும். அரக்கு பாலிஷ் ஸ்பிரிட்டில் கரைத்ததுதானே, இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. சோப்பு காரம், காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். வெயிலும் அதற்கு எதிரி. மூன்று சோதனையிலும் தோற்ற ஒரே சாயம் அதுவாகத்தான் இருக்கும்.

இலைதழைச் சாயங்களில் வெளிச்சத்தைத் தாங்குவது அவுரி. மஞ்சிட்டியும் ஓரளவு தாங்கும். நான் இப்போது சாயத்தையே விட்டுவிட்டேன். வெவ்வேறு நிற மரங்களைக் கலந்து செய்கிறேன்: மேப்பிள் வெளுப்பு, பீச் இளம் செம்மை, வால்நட் கருப்பழுப்பு. நிறம் போட்டே ஆக வேண்டுமானால், உலர்ந்த பிறகு வெள்ளைத் துணியை நனைத்து, கட்டையின் மேல் வைத்துக் கட்டி இரண்டு மணி நேரம் விடுங்கள். துணியில் நிறம் ஏறினால் நாக்கிலும் ஏறும்.

#19 குட்டிநாற்காலி

மேடைக்கு வருவோம், அதை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். விளையாட்டுச் சாமான் விஷயத்தில் என் பயமெல்லாம் பூச்சு இல்லை. கவிழ்வது, நசுங்குவது, மாட்டிக்கொள்வது.

நான்கு வயதுப் பையன் மேடையின் கீழ்த்தட்டில் ஏறி நிற்பான். நிற்கமாட்டான் என்று யாரும் சொல்லாதீர்கள். அதனால் மேடையைப் பின்சுவரோடு ஸ்க்ரூ போட்டு இணையுங்கள். கதவுக் கீல் பக்க இடுக்கு 5 மி.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 12 மி.மீ.க்கு மேல். இடைப்பட்டதில்தான் சின்ன விரல் போய் மாட்டும். சட்டங்களுக்கும் தட்டுகளுக்கும் நடுவே உள்ள சந்து 9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் நடுவில் வராமல் பாருங்கள், அதில்தான் உடம்பு நுழைந்து தலை சிக்கும். ஏறி விளையாடும் ஏணிச் சட்டம் செய்பவர்களுக்கும் இதே கணக்கு.

குமிழ்கள். 3.17 செ.மீ. விட்டமுள்ள உருளைக்குள் ஒரு பாகம் முழுசாக அடங்கினால் அது மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தொண்டையில் சிக்கக்கூடிய அளவு என்பது பொம்மைத் தரநிலைகளின் அளவுகோல். மேடை மூத்தவனுக்குத்தான் என்பீர்கள், தவழ்கிறவள் அங்கே போகாமல் இருப்பாளா? குமிழ் 4 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். ஆணி வேண்டாம், வெறும் பசையும் வேண்டாம், மரக்குச்சி செருகிப் பசையிட்டுப் பின்பக்கம் ஆப்பு அடியுங்கள். செய்த பிறகு உங்கள் முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள். இழுக்கும் பொம்மைக் கயிறு 20 செ.மீ.க்கு மேல் போக நான் விடுவதில்லை.

மேல்தட்டு பிளைவுட் இல்லாத முழு மரப் பலகையா? அகலவாட்டில் அது விரிந்து சுருங்கும். சட்டத்தோடு இறுக ஒட்டினால் வெடிக்கும். ஸ்க்ரூ துளையை நீள்வட்டமாக்கி, நகர இடம் விடுங்கள்.

நாற்காலி செய்யப்போகிறீர்கள் என்றால், பிள்ளையை உட்காரவைத்து முழங்கால் மடிப்பிலிருந்து தரைவரை அளந்து அதையே இருக்கை உயரமாக வையுங்கள். வயதுக் கணக்கு அட்டவணையெல்லாம் என் பையன் விஷயத்தில் பொய்த்தது.

#20 நேர்க்கோடு

கட்டையின் அளவுக்கு ஒரு குறிப்பு. இஷ்டத்துக்கு அறுக்காமல் கனம், அகலம், நீளம் 1:2:4 விகிதத்தில் அறுத்தால் எல்லாம் எல்லாவற்றோடும் பொருந்தும். 3.5 × 7 × 14 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு வருடத்துக்கு முன் கரோலின் பிராட் என்ற ஆசிரியை வகுப்பறைக் கட்டைகளுக்கு வகுத்த விகிதம் இது. ரம்பத்தின் வெட்டுக் கனத்தைக் கணக்கில் சேர்க்க மறந்தால் இரண்டு பாதி சேர்ந்து ஒரு முழுசாகாது. மறந்தவன் சொல்கிறேன்.

#21 சுள்ளிபொறுக்கி

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்தேன்.

ரப்பர் மரக் கட்டைகளைக் கழுவி, சீவி, அரக்கு பாலிஷ் மூன்று பூச்சு கொடுத்து மூத்தவனிடம் தந்துவிட்டேன். அரக்குச் செதிலைக் குடிக்கத்தக்க எத்தனாலில் லிட்டருக்கு 120 கிராம் கணக்கில் கரைத்தேன். கால் மணியில் தொட முடிகிறது, ஆளிவிதை எண்ணெய்க்கு எதிர்ப்பதம். கரைத்து வைத்தது நாளாக ஆகச் சரியாக இறுகாது என்று வாத்தியார் தனிச்செய்தியில் எச்சரித்ததால் மிச்சத்தை மூன்று மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

சின்னவளுக்குப் பீச் மரத்தில் 12 புதுக் கட்டைகள், 1:2:4. நனைத்து மீசை எடுத்தேன். ஆறில் தேன்மெழுகுக் களிம்பு, ஆறில் ஒன்றுமில்லை, பார்ப்போம் என்று. அவளுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. எனக்குத்தான் மெழுகு பூசியதைத் தடவிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது.

மேடைக்கு வெளியே பச்சை ஆளிவிதை எண்ணெய், இரண்டு பூச்சு. முதல் பூச்சு உலர 12 நாள் ஆனது. துணிகளைக் கொடியில் விரித்தேன். பக்கத்து வீட்டில் என்ன வேண்டுதல் என்று கேட்டார்கள்.

#22 குட்டிநாற்காலி

குமிழை இழுத்துப் பார்த்தீர்களா?

#23 சுள்ளிபொறுக்கி

இப்போதுதான் போய் இழுத்தேன். மூன்று நின்றன. நான்காவது கையோடு வந்துவிட்டது. அந்த ஒன்றை மட்டும் எண்ணெய் பூசிய பிறகு ஒட்டினேன்.